சைரன் கழற்றிய வண்டி

தேநீர் கொதிக்கிற நேரத்துக்கு மட்டும் என்றுதான் நிறுத்தினோம்.
எதிர்த் தீவுக்குக் கப்பல் மாலை ஆறு மணிக்கு.
சாரெமாவின் வடகரையில்
ஜுனிப்பர் புதர்களுக்கும் நீருக்கும் நடுவே
ஒரே ஒரு வண்டி கொள்கிற புல்திட்டு.
ஊர்மஸுக்குச் சக்கரத்தின் கீழ் கட்டை வைக்கத் தெரியவில்லை.
வைத்த முட்டை மேசையில் உருண்டு உருண்டு
கடல் பக்கமே போனது.

பதினாறு வருடம் அவனே ஓட்டிய வண்டி இது,
தார்த்து நகரத் தெருக்களில்
சிவப்பு விளக்கைச் சட்டை செய்யாமல்.
நின்று சமம் பார்க்க அப்போது நேரமேது.
ஏலத்தில் எடுத்தபோது
நீல விளக்கையும் சைரனையும் கழற்றிக்கொண்டு கொடுத்தார்கள்.
அடுப்பு வைத்தோம், திரை தைத்தோம்,
பக்கவாட்டு எழுத்துகளை நான் நகத்தால் உரித்தேன்.
சுற்றிலும் பெயிண்ட் வெளுத்துப்போயிருந்ததால்
உரித்த இடமே எழுத்தாகி
ஆம்புலன்ஸ் என்றே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அதைப் படித்துவிட்டுத்தான் ஓடிவந்தாள் லெய்டா,
ஏப்ரனில் மீன்செதிலும் கையில் கத்தியுமாக:
"யாருக்கு? யாருக்கு என்ன?"
யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்ல
எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.
ஊர்மஸின் வாய்க்கு அந்த வாக்கியம் பழக்கமில்லை.
கத்தியைப் புல்லில் குத்திவிட்டு
அவள் சிரித்த சிரிப்பில்
புதருக்குள்ளிருந்து ஒரு பறவை கோபித்துக்கொண்டு பறந்தது.
பிறகு போய்
பீங்கான் தட்டில் மூன்று மீன் கொண்டுவந்தாள்.
புகையில் வெந்து பொன்னிறமானவை,
தட்டை மீன்கள்.
இரண்டு கண்ணும் ஒரே பக்கம்.
அடித்தரையில் கிடந்து
ஆயுளெல்லாம் மேலேயே பார்ப்பவை.

விரலால் பிய்த்துத் தின்றோம்.

இந்தக் கடலில் உப்புக் குறைவு, ஏற்றவற்றமும் இல்லை.
உப்பில்லாப் பண்டம்தான்,
இவ்வளவு பெரியதை எந்தக் குப்பையில் கொட்ட?
பால் குடித்த பூனைபோல
நாலு கூழாங்கல்லை நக்கிவிட்டுப் படுத்துக்கொள்கிறது.
பாலையும் நீரையும் பிரிப்பதாகப் பேரெடுத்த அன்னங்கள்
ஒன்பது பேர்,
பிரிக்க ஒன்றுமில்லாத நீரில் தலையை விட்டு
வானத்துக்கு வாலைக் காட்டிக் கிடந்தன.
ஆறு மணிக்குக் கப்பல் ஊதியது.
ஊர்மஸின் தோள் மட்டும் எழுந்து நின்றது.
அப்புறம் அதுவும் உட்கார்ந்தது.

ஜூன் மாதம்.
இருட்டு வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டு
வாசலோடு திரும்பிப் போகிற இரவு.
ஸ்ட்ரெச்சர் கிடந்த இடத்தில்தான் எங்கள் படுக்கை.
கிளம்பி ஏழு நாளாகிறது,
அவன் முன்சீட்டிலேயே தூங்கினான்.
முதுகு என்பான், குறட்டை என்பான்,
நான் கேட்பதை நிறுத்தியிருந்தேன்.
இன்று மீன் மயக்கமோ, பியரோ,
பின்கதவைத் திறந்து வைத்து ஏறிவந்து
மல்லாந்து படுத்தான்.

நெடுநேரம் பேச்சில்லை.
"திருகாணி ஏழு" என்றான்.
"என்ன?"
"மேலே. ஒன்று துரு.
இந்த அலமாரியின் அடியில் பார்,
பேனாவால் ஒரு முயல்."
எக்கிப் பார்த்தேன்.
என் கட்டைவிரல் அளவு முயல்.
வண்டி எங்கோ திரும்பியிருக்க வேண்டும்,
ஒரு காது மட்டும்
முதுகைத் தாண்டி வால்வரை இழுபட்டிருந்தது.
"எனக்கு முன்னால் எப்போதும் ரோடுதான்" என்றான்.
"பின்னால் இப்படி ஒன்று வந்துகொண்டிருந்ததே தெரியாது."
யார், எந்த வருடம், பிறகு என்னவானார்கள்
என்று இருவருமே கேட்கவில்லை.
முயலுக்கு விரலால் ஒரு தரம்
காதை நேராக்கப் பார்த்தான். வரவில்லை.

எங்கள் நான்கு பாதங்களுக்கு நடுவே
வெளிச்சம் வற்றாமல் கிடந்தது கடல்.
விரலில் புகைவாசத்தோடு தூங்கிப்போனான்,
வலதுகால் எதையும் மிதிக்காமல்.

ஒன்பது மணிக் கப்பலும் போன பிறகு
தட்டை வாங்கிப்போக வந்தாள் லெய்டா.
இந்த முறை நடந்து.